கார்டன்டன்: கனடாப் புல்வெளியில் ஒரு குட்டி உக்ரேனியக் கிராமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யாராவது வின்னிபெக்குக்கு வந்தால், நகரத்தில் காட்ட வேண்டியதையெல்லாம் காட்டி முடித்த பிறகு ஒரு நாள் காரைத் தெற்கே திருப்புவேன். போய்ச் சேரும் இடம் கார்டன்டன். ‘இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்ற முகத்தோடு இறங்குகிறவர்கள், திரும்பி வரும்போது விடாமல் கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கார்டன்டன் எங்கே இருக்கிறது?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், தென்கிழக்கு ஓரமாக. வின்னிபெக்கிலிருந்து சுமார் 100 கி.மீ. அங்கிருந்து தெற்கே இன்னும் சுமார் பத்து கி.மீ. போனால் அமெரிக்க எல்லை. ஊரை ஒட்டி ரோசோ ஆறு ஓடுகிறது. கோடையில் பார்த்தால் வாய்க்கால் மாதிரிதான் இருக்கும். பனி உருகும் ஏப்ரலில் அதே ஆறு வயலுக்குள் ஏறி நிற்கும்.

ஊர் எவ்வளவு பெரியது?

தெருமுனையில் நின்றால் ஊரே தெரிந்துவிடும். தனி நகராட்சியெல்லாம் கிடையாது. ஸ்டூவர்ட்பர்ன் என்ற கிராமப்புற நகராட்சிக்குள் அடக்கம். நெடுந்தூரம் பரந்து கிடக்கிற அந்த நகராட்சி முழுவதையும் சேர்த்தாலே இரண்டாயிரம் பேர்கூடத் தேறாது.

உக்ரைனிலிருந்து எப்போது வந்தார்கள்?

1896-இல் முதல் குழு இந்தப் பகுதிக்கு வந்தது. ஆனால் அவர்கள் கொண்டுவந்த காகிதம் எதிலும் ‘உக்ரைன்’ என்ற பெயர் இருந்திருக்காது. அவர்களுடைய ஊர்கள் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ், கலீசியா, புக்கோவினா என்ற இரண்டு மாகாணங்களில் இருந்தன. கனடா அதிகாரிகள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுக் ‘கலீசியர்’ என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களோ தங்களை ‘ருசின்’ என்றார்கள். ‘உக்ரேனியர்’ என்ற பெயர் கனடாவில் ஊன்றியது பிற்பாடுதான். கார்டன்டன் பக்கம் அதிகமாகக் குடியேறியவர்கள் புக்கோவினாக்காரர்கள்.

முதல் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் கிரிலோ கெனிக் என்ற படித்த மனிதர். வாத்தியார் வேலை பார்த்தவர், கவிஞர் இவான் ஃபிராங்கோவின் நண்பர். வந்த கையோடு அவருக்கு வின்னிபெக் குடியேற்ற அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கனடா அரசு வேலையில் சேர்ந்த முதல் உக்ரேனியர் அவர்தான். ஆங்கிலம் தெரியாமல் ரயிலிலிருந்து இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிலம், வேலை, வழி எல்லாம் சொல்லி அனுப்பியவர் அவர்.

சொந்த ஊரை விட்டு ஏன் கிளம்பினார்கள்?

நிலம் போதவில்லை. அப்பனுக்கு இருந்த துண்டை நாலு மகன்கள் பிரித்துக்கொண்டால், அடுத்த தலைமுறைக்கு வரப்புதான் மிச்சம். 1848-இல் பண்ணையடிமை முறையை ஒழித்தார்கள், சரி. ஆனால் காடும் மேய்ச்சல் நிலமும் பண்ணையாரிடமே தங்கிவிட்டன. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கினால்கூடப் பண்ணையாரின் ஆள் வந்து பிடிப்பான். இந்தச் சுள்ளி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1891-இல் நெபிலிவ் என்ற ஊரிலிருந்து இவான் பிலிப்பிவ், வசில் எலெனியாக் என்ற இருவர் கனடாவைப் பார்க்க வந்தார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி மாண்ட்ரியலில் இறங்கினார்கள். ஊருக்குத் திரும்பிய பிலிப்பிவ், ‘அங்கே நிலம் கிடைக்கிறது’ என்று சொல்லித் திரிந்ததற்காக ஜெயிலுக்குப் போனார். அப்புறம் என்ன, சேதி இன்னும் வேகமாகப் பரவியது. ஓசிப் ஒலெஸ்கிவ் என்ற வேளாண் ஆசிரியர் 1895-இல் தானே கனடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, எங்கே போகலாம், கையில் எவ்வளவு பணம் வேண்டும், யாரை நம்பக் கூடாது என்று சிறு புத்தகமாக எழுதினார். அதன் பிறகுதான் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். 1914-க்குள் கனடாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 1,70,000 பேர்.

குடியேறியவர்களுக்கு அரசு 160 ஏக்கரைச் சும்மாவா கொடுத்தது?

ஏறக்குறைய சும்மா. 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுக் கட்டணம் 10 டாலர். மூன்று வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, ஒரு பகுதி நிலத்தை உழுது காட்டினால் பட்டா. ஊரில் நாலைந்து ஏக்கர் வைத்திருந்தவனுக்கு 160 ஏக்கர் என்பது பண்ணையாரின் கணக்கு.

‘சும்மா கிடந்த நிலம்’ என்று பலர் சொல்வார்கள். அப்படிச் சொல்வது சரியில்லை. ரோசோ ஆற்றங்கரை அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த இடம். 1871-இல் அரசோடு போட்ட முதலாம் உடன்படிக்கைக்குப் பிறகு அவர்களை ரிசர்வ் என்ற எல்லைக்குள் ஒதுக்கினார்கள். மிச்சத்தைத்தான் கட்டம் கட்டமாக அளந்து அரசு பங்கிட்டது. அந்த மக்கள் இன்றும் அதே ஆற்றோரம், மேற்கே கொஞ்சம் தள்ளி இருக்கிறார்கள்.

நல்ல கறுப்பு மண் எவ்வளவோ இருக்கும்போது இந்தக் கல்லாங்காட்டை ஏன் பிடித்தார்கள்?

இதைக் கேட்காத ஆளே இல்லை. வழியிலேயே வித்தியாசம் கண்ணில் படும். நெடுஞ்சாலைக்கு மேற்கே கரும்பலகை மாதிரி தட்டையான வயல்கள். கிழக்கே திரும்பியதும் கல், சதுப்பு, ஆஸ்பென் மரக் கூட்டம், மறுபடி கல். பனியுகத்தின் முடிவில் இங்கே அகாசிஸ் என்று ஒரு பிரம்மாண்டமான ஏரி இருந்தது. வற்றிப்போன அந்த ஏரி விட்டுச் சென்ற சரளை மேடுகளும் பள்ளங்களும்தான் இந்தப் பக்கம் முழுக்க.

மேற்கே இருந்த நல்ல மண்ணில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். மென்னோனைட் கிறிஸ்தவர்கள் 1870-களிலிருந்தே அங்கே உழ ஆரம்பித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் ரஷ்யப் பேரரசின் தெற்கு உக்ரைன் பகுதியிலிருந்து வந்த ஜெர்மன் பேச்சுக்காரர்கள். சிலருக்கு உக்ரேனியப் பேச்சும் தெரியும். புதிதாக வந்தவர்கள் அவர்களிடம் கூலி வேலைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் வேறு இடம் இல்லாததால் மட்டும் இங்கே ஒதுங்கினார்கள் என்று சொல்ல முடியாது. பலர் தாங்களாகவே மரம் இருக்கும் நிலத்தைத் தேடி எடுத்தார்கள். சுள்ளி பொறுக்கி அடி வாங்கியவனுக்கு, 160 ஏக்கர் முழுக்க நிற்கிற மரம் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு மரம், அடுப்புக்கு மரம், வேலிக்கு மரம், எவனிடமும் கை கட்டி நிற்க வேண்டாம். மண் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் மரம் இருக்கிறதா என்று கேட்டவர்கள் அவர்கள். ஆங்கிலேயக் குடியானவன் மரமில்லாத நிலத்தை எடுத்து, ரயிலில் வரும் பலகையைக் காசு கொடுத்து வாங்கினான். இவர்கள் கையில் அந்தக் காசு இல்லை.

இன்னொரு காரணம் உறவு. அண்ணன் இருக்கும் இடத்துக்குத் தம்பி வருவான், அதே ஊர்க்காரன் பக்கத்துக் கட்டத்தை எடுப்பான். நல்ல மண்ணில் தனியாகக் கிடப்பதைவிடச் சொந்தங்களோடு கல் பொறுக்குவது மேல் என்று நினைத்தார்கள். தப்பான கணக்கு என்று விவசாயம் தெரிந்தவர்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார்டன்டனில் நீங்கள் பார்க்கும் எல்லாமே, ஊரிலுள்ள மரக்கோயில்கூட (தேவாலயத்தைத்தான் சொல்கிறேன்), இந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான்.

முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டினார்கள்?

மண்ணுக்குள் போய். ‘புர்தேய்’ அல்லது ‘ஸெம்லியாங்கா’ என்பார்கள். இடுப்பளவு பள்ளம் தோண்டி, மேலே கூரை மாதிரி கம்புகளைச் சாய்த்து, புல்லோடு வெட்டிய மண் கட்டிகளை அடுக்கி மூடிவிடுவார்கள். ஒரு மூலையில் களிமண் அடுப்பு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 30, 35 டிகிரி. உள்ளே கணவன், மனைவி, பிள்ளைகள், சில சமயம் இரண்டு குடும்பம். மழை வந்தால் வெளியே நின்ற பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். பலர் இதில் ஒன்றிரண்டு குளிர்காலம் கழித்தார்கள்.

பிறகு கட்டியதுதான் சரியான வீடு. மரக்கட்டைகளை அடுக்கிச் சுவர். அதன் மேல் களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் மூன்றையும் காலால் மிதித்துக் குழைத்த பூச்சு. மிதிப்பதும் பூசுவதும் பெண்கள் வேலை. காய்ந்ததும் சுண்ணாம்பு, அதில் கொஞ்சம் நீலம். வைக்கோல் வேய்ந்த கூரை, வாசல் தெற்குப் பார்த்து. உள்ளே ‘பீச்’ என்கிற பெரிய களிமண் அடுப்பு; ரொட்டியும் அதில்தான் வேகும், குளிர்காலத்தில் குழந்தைகள் அதன் மேலேயே படுத்துத் தூங்குவார்கள். நாட்டின் பெயரை எடுத்துவிட்டு இந்தச் சுவரைப் பற்றிச் சொன்னால், எங்கள் பாட்டி ‘இது நம்ம வீடுதானே’ என்றிருப்பார்.

குளிரைவிடக் கொடுமை தனிமை என்று நினைக்கிறேன். பழைய ஊரில் வீட்டுக்கு வீடு கூப்பிடு தூரம். இங்கே ஒவ்வொரு குடும்பத்தின் நிலமும் அரை மைல் சதுரம். ஆண்கள் கூலிக்குப் போன மாதங்களில் பெண்கள் பிள்ளைகளோடு அந்த அரை மைல் நடுவே இருந்தார்கள். அதனால்தான் சில இடங்களில் நாலு கட்டங்கள் சந்திக்கும் மூலையை ஒட்டி, பக்கம் பக்கமாக வீடு கட்டிக்கொண்டார்கள். சட்டப்படி அவரவர் நிலத்தில், பழக்கப்படி ஒரே தெருவில்.

மண் விளையவில்லை என்றால் காசுக்கு என்ன செய்தார்கள்?

ஆண்கள் ரயில் பாதை போடவும், மேற்கே அறுவடைக்கும் போனார்கள். குளிர்காலத்தில் விறகு வெட்டி விற்றார்கள். பெண்களும் குழந்தைகளும் ‘செனெகா’ வேர் தோண்டினார்கள். புல்வெளியில் தானாக முளைக்கிற சின்னச் செடி அது. வேர் இருமல் மருந்துக்குப் போகும். குனிந்து குனிந்து தோண்டி, கழுவி, காயவைத்தால், மூட்டையளவு வேர் கைப்பிடியளவுக்குச் சுருங்கிவிடும். அதைக் கடையில் கொடுத்து மாவும் உப்பும் வாங்கினார்கள்.

அந்த மரக்கோயிலுக்கு ஏன் அவ்வளவு பேர் வருகிறார்கள்?

புனித மிக்கேல் கோயில், 1899-இல் கட்டி முடித்தது. கனடாவின் முதல் நிரந்தர உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் கோயில் என்று பெயர். தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். தேதியைக் கவனியுங்கள். வந்து மூன்றே வருடம். பலர் இன்னும் புர்தேயிலிருந்து முழுசாக வெளியே வராத நேரம். அதற்குள் கோயில்.

கதீட்ரல் அளவுக்கு எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். அடக்கமான கட்டடம். சரிவான கூரை, மேலே சின்னக் குவிமாடம், கொஞ்சம் தள்ளித் தனியாக ஒரு மர மணிக்கூண்டு. வெளியே பலகை அடித்திருந்தாலும் உள்ளே இருப்பது அதே காட்டின் மரக்கட்டைகள். சுற்றிலும் கல்லறைகள். மூன்று குறுக்குச் சட்டம் போட்ட சிலுவைகள், கீழ்ச் சட்டம் மட்டும் சாய்ந்திருக்கும். பழைய கற்களில் எல்லாம் உக்ரேனிய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்து. புதிய கற்களுக்கு வர வர எழுத்து ஆங்கிலமாக மாறுகிறது, பெயர்கள் மட்டும் மாறவில்லை. சில வரிசைகளில் சின்னச் சின்னக் கற்கள் நிறைய இருக்கும். அவை யாருடையவை என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கோயில் கட்டிவிட்டார்கள், பூசாரிக்கு எங்கே போவது? ஆரம்பத்தில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மிஷன் பாதிரியார்கள் வந்து போனார்கள். கலீசியாக்காரர்கள் கிரேக்கக் கத்தோலிக்கர்கள், அதாவது கிழக்கு முறையில் வழிபட்டாலும் போப்பை ஏற்றவர்கள், அவர்களுக்கு வேறு பஞ்சாயத்து. இந்தக் குழப்பத்தில் 1903-இல் செராஃபிம் என்றொருவர் தன்னை பிஷப் என்று சொல்லிக்கொண்டு வின்னிபெக்கில் வந்து இறங்கி, சுமார் 50 பேருக்குப் பாதிரியார் பட்டம் கொடுத்துவிட்டார். பழைய இரும்பு, தகரம் எல்லாம் போட்டு ஒரு கதீட்ரலும் கட்டினார். சீக்கிரமே அவருடைய சீடர்களே பிரிந்து போனார்கள் என்பது தனிக்கதை. கனடா உக்ரேனியர்களுக்கென்று சொந்தமாக ஒரு ஆர்த்தடாக்ஸ் சபை உருவானது 1918-இல்தான்.

பக்கத்து ஊருக்கு ‘டால்ஸ்டாய்’ என்று பெயரா?

ஆமாம், நிஜமாகவே. அதற்கு முன்னால் அதன் பெயர் ஒலெஸ்கோவ், மேலே சொன்ன ஒலெஸ்கிவ் நினைவாக. இன்னொரு பக்கத்து ஊர் வீட்டா, லத்தீனில் ‘உயிர்’. அதற்கும் முதலில் ஷெவ்சென்கோ என்று, உக்ரேனியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் கவிஞரின் பெயர்தான் இருந்தது.

பெயர் என்றதும் கொசுவையும் சொல்லிவிடுகிறேன். வின்னிபெக்குக்கு வடக்கே கொமார்னோ என்று இன்னொரு குட்டி உக்ரேனிய ஊர். உக்ரேனிய மொழியில் ‘கொமார்’ என்றால் கொசு. அந்த ஊர்க்காரர்கள் 1984-இல் இரும்பில் ஒரு ராட்சசக் கொசு செய்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். காற்றடித்தால் திரும்பும்.

உலகப் போரில் இவர்களைச் சிறையில் போட்டார்கள் என்கிறார்களே?

உண்மைதான். 1914-இல் ஆஸ்திரியா எதிரி நாடானது. பழைய காகிதத்தில் ‘ஆஸ்திரியா’ என்று இருந்ததால் இவர்களும் எதிரிக் குடிமக்கள் ஆனார்கள். அந்தப் பேரரசிடமிருந்து தப்பி வந்தவர்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை. நாடு முழுக்க 24 முகாம்களில் 8,579 பேரை அடைத்தார்கள். அதில் 5,000 பேர் வரை உக்ரேனியர்கள். இன்னும் சுமார் 80,000 பேர் போலீஸில் பதிந்து, அவ்வப்போது போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மனிடோபாவில் பிராண்டன் நகரத்தில் ஒரு முகாம். முகாம்களில் பெரும்பாலும் மாட்டிக்கொண்டவர்கள் நகரத்தில் வேலை இழந்து திரிந்த இளைஞர்கள். 1917-இல் பலருடைய ஓட்டுரிமையையும் பறித்தார்கள். கடைசி முகாமை மூடியது 1920-இல், போர் முடிந்து ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து. கனடா இதை நினைவுகூர 1 கோடி டாலர் நிதி ஒதுக்கியது 2008-இல்.

பள்ளியில் தாய்மொழி இருந்ததா?

கொஞ்ச காலம் இருந்தது. 1897-இல் மனிடோபாவில் ஒரு விதி: பள்ளியில் பத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் அல்லாத மொழி பேசினால், அந்த மொழியும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கலாம். பிரெஞ்சுக்காரர்களுக்காக எழுதிய விதியை உக்ரேனியர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 1905-இல் இதற்கென்றே ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. 1916-இல் போர்க்கால வெறியில் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் இழுத்து மூடினார்கள். உக்ரேனிய–ஆங்கில வகுப்பு அரசுப் பள்ளிக்குத் திரும்பி வர 1979 ஆனது.

இடையில் 1964-இல் பால் யூசிக் என்ற உக்ரேனிய செனட்டர், கனடா என்பது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மட்டும் இல்லை என்று செனட்டில் பேசினார். 1971-இல் பன்முகப் பண்பாட்டுக் கொள்கை வந்தது. பின்னால் வந்த தமிழர்களும் அந்தக் கொள்கையின் நிழலில் வந்தவர்கள்தான்.

வீட்டுப் பேச்சில் ஆங்கிலம் கலந்துவிட்டதும் உண்டு. ‘ஃபார்மா’, ‘ஷ்டோர்’, ‘காரா’ என்று பண்ணை, கடை, கார் எல்லாவற்றுக்கும் உக்ரேனிய வால் முளைத்தது. கீவிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பேச்சு விசித்திரமாக இருக்குமாம்.

சாப்பாடு?

பெரோகி கட்டாயம். மைதா மாவில் உருளைக்கிழங்கையோ பாலாடைக்கட்டியையோ வைத்து மடித்து, வேகவைத்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு கொடுப்பார்கள். பூரணக் கொழுக்கட்டையின் இனிப்பில்லாத அண்ணன். முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டிய ‘ஹொலுப்ட்சி’ இன்னொன்று.

பழைய நாள்காட்டிப்படி ஜனவரி 6 மாலை கிறிஸ்துமஸுக்கு முந்தைய விருந்து. இறைச்சி இல்லாத 12 பதார்த்தங்கள். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மூலையில் ஒரு கோதுமைக் கட்டு நிறுத்தி, மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்புவார்கள். முதலில் ‘குத்யா’: முழுக் கோதுமையை வேகவைத்து, தேனும் கசகசாவும் கலந்தது. நெல்லுக்குப் பதில் கோதுமை, வெல்லத்துக்குப் பதில் தேன். தைப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் இதைச் சாப்பிடும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஊர் ஏன் இப்படிச் சுருங்கிவிட்டது?

எல்லாப் புல்வெளிக் கிராமங்களுக்கும் நேர்ந்ததுதான். டிராக்டர் வந்தது, ஆள் தேவை குறைந்தது. சின்னப் பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிக்குப் பஸ் விட்டார்கள். ரயில் நின்றது. பிள்ளைகள் வின்னிபெக்குக்குப் போனார்கள். கல்லாங்காடு என்பதால் இங்கே கொஞ்சம் சீக்கிரமே நடந்தது.

ஊருக்கு வெளியே பூ பார்க்க வருகிறார்களாமே, என்ன பூ?

வெள்ளை ஆர்க்கிட். இதழ் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். ஒரு தண்டில் பல பூக்கள். டால்ஸ்டாய்க்கும் கார்டன்டனுக்கும் இடைப்பட்ட பகுதியில் உயரப் புல்வெளிக் காப்பகம் இருக்கிறது. ஒரு காலத்தில் மனிடோபாவில் சுமார் 6,000 சதுர கி.மீ. பரவியிருந்த அந்தப் புல்வெளியில், இன்று ஒரு சதவீதம்கூட மிச்சமில்லை. மேற்கே இருந்ததையெல்லாம் உழுதுவிட்டார்கள். இங்கே கல்லும் சதுப்பும் கலப்பையைத் தடுத்தன. இதனால் அந்த ஆர்க்கிட் பிழைத்தது. போவெஷீக் என்ற பழுப்புச் சிறகுப் பட்டாம்பூச்சிக்குக் கனடாவில் இருக்கும் ஒரே இடமும் இதுதான். யாருக்கும் வேண்டாத மண்ணைத் தேடி இப்போது விஞ்ஞானிகள் வருகிறார்கள்.

போக நினைத்தால் எப்போது, எப்படி?

பஸ் கிடையாது, கார் வேண்டும். 59-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே டால்ஸ்டாய் வரை, பிறகு 209-இல் கிழக்கே. ஜூன் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதிக்குள் போனால் ஆர்க்கிட்டும் கிடைக்கும். வைக்கோல் கூரை வீட்டோடு ஒரு சின்ன உக்ரேனிய மியூசியம் இருக்கிறது. கோடையில் மட்டும்தான் திறப்பார்கள், போனில் கேட்டுக்கொண்டு போங்கள். கேட்காமல் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன். நேரம் இருந்தால் சென்கிவ் என்ற இடத்தின் பக்கம் ரோசோ ஆற்றின் மேல் ஒரு தொங்கு நடைபாலம் இருக்கிறது. நடுவில் நின்று குதிக்கிற நண்பரை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். தண்ணீர், சாப்பாடு வின்னிபெக்கிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். கொமார்னோக்காரர்கள் சிலை வைத்தார்களே தவிர, கொசு இந்தப் பக்கமும் அதே கொசுதான்.